செம்புச் சுரங்கமும் வரிக் கணக்கும்

கம்பனிகளின் வரலாறுகள் பெரும்பாலும் அக்கம்பனிகளின் பங்காளிகளுக்காகவே எழுதப்பட்டு வந்துள்ளன. எத்தனை தொன் கனியம் வெட்டப்பட்டது, எந்த ஆண்டில் எவ்வளவு பங்கிலாபம் பகிரப்பட்டது, எந்தத் தலைவரின் காலத்தில் எந்தச் சுரங்கம் திறக்கப்பட்டது என்பனவெல்லாம் அவற்றிலே தாராளமாகக் காணப்படும். தான் தோண்டிய மண்ணுக்குரிய மக்களுக்கு அக்கம்பனி எவ்வளவு வரி இறுத்தது, இறுக்காமல் விட்டது எவ்வளவு, அவ்வாறு விடுவதற்கு அது கைக்கொண்ட உபாயம் யாது என்று கேட்போமாயின், பளபளப்பான அத்தாள்களிலே விடை கிடைப்பதரிது.

இவ்விடையைத் தேடுவதற்குச் சாம்பியா நாட்டின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவுகின்றது. அந்நாட்டின் வடபகுதியில் செம்பு வலயம் என வழங்கும் நிலப்பரப்பிலுள்ள சுரங்கங்கள், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தில், இலண்டன் கம்பனிகள், தேசிய அரசு, சுவிற்சர்லாந்து வணிகர், இந்திய முதலாளிகள், சீன அரசு, வளைகுடா நாட்டு நிறுவனம் எனப் பல கைகள் மாறியுள்ளன. மண் மாறவில்லை. மண்ணுக்குள் இறங்கியவர்களும் மாறவில்லை. உடைமையாளர் மாறுந்தோறும் வரி சென்ற வழி மாத்திரம் மாறியது.

இன்றைய பொருளியலாளர் சிலர், வளர்முக நாடுகளிலே குடும்பத்தார் கையிலுள்ள கம்பனி கூடுதலாக வரியைத் தவிர்க்கிறதா, அரசு பங்குகொண்ட கம்பனி தவிர்க்கிறதா, அந்நியர் கம்பனி தவிர்க்கிறதா என்று எண்களை அடுக்கி ஆராய்கின்றனர். ஒரு நாட்டிற் கிடைத்த முடிவு மற்றொரு நாட்டிற் கிடைப்பதில்லை. அம்முறையை நாம் குறை கூற வரவில்லை. ஆயினும் நூற்றுக்கு இத்தனை பங்கு யாரிடம் உள்ளது என்ற ஒன்றை மட்டும் வைத்து உடைமையை அளப்பது போதுமா என்ற ஐயம் எமக்குண்டு. இலண்டனிற் பதிவுசெய்யப்பட்ட ஸ்டேர்லிங் கம்பனிகள் 1975 வரை எமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை ஆண்டதை அறிந்த இந்நாட்டு வாசகருக்கு இந்த ஐயம் புதிதாக இராது.

ஒரு சொல் விளக்கம் இங்கு வேண்டும். சட்டத்தை மீறி வருமானத்தை மறைப்பது வரி ஏய்ப்பு. சட்டத்தின் சந்து பொந்துகளை அறிந்து அவற்றினூடே செல்வது வரித் தவிர்ப்பு. முன்னையது குற்றம். பின்னையது கணக்காளரின் சாமர்த்தியம் எனப் பாராட்டப்படுவது. நாம் ஈண்டு பேசுவது பின்னையதைப் பற்றியே.

செசில் றோட்ஸ் நிறுவிய பிரித்தானிய தென்னாபிரிக்கக் கம்பனி 1889 இல் அரச சாசனம் பெற்றது. அடுத்த ஆண்டு லொசி மக்களின் மன்னன் லெவனிக்காவிடமிருந்து அதன் முகவர் ஓர் ஒப்பந்தத்தைப் பெற்றனர். செம்பு வலயம் அம்மன்னனின் ஆட்சியெல்லைக்குள் அடங்கியதா என்பதே பெரிய கேள்வி. கம்பனிக்கோ அக்கேள்வி எழவில்லை. 1924 இல் வட ரொடீசியாவின் நிருவாகத்தைப் பிரித்தானிய குடியேற்றநாட்டு அமைச்சிடம் கையளித்தபோது, ஆளும் செலவை அரசின் தலையிற் சுமத்திய அக்கம்பனி, நிலத்தடிக் கனியத்தின் உரிமையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. இதனிலும் இலாபகரமான துறவறம் வரலாற்றில் உண்டோ என்று நாம் வியப்பதுண்டு.

1930களின் தொடக்கத்தில் றோன் அன்ரலோப், என்கானா, முபுலிரா முதலிய சுரங்கங்கள் உற்பத்தியைத் தொடங்கின. இரு பெருங் குழுக்கள் அவற்றைப் பங்கிட்டன. ஒன்று ஏர்ணஸ்ற் ஒப்பன்ஹைமரின் ஆங்கிலோ அமெரிக்கன் குழு. மற்றையது செஸ்ரர் பீற்றி தோற்றுவித்த ரொடீசியன் செலெக்சன் ட்ரஸ்ற். வெட்டியெடுத்த ஒவ்வொரு தொன்னுக்கும் இக்குழுக்கள் தென்னாபிரிக்கக் கம்பனிக்கு 'றோயல்ற்றி' எனப்படும் உரிமைப்பணத்தை இறுத்தன. அந்த உரிமைப்பணத்தின் கணிப்பு முறை ஊன்றி நோக்கத்தக்கது. இலண்டன் உலோகச் சந்தையின் விலையில் நூற்றுக்குப் பதின்மூன்றரை வீதம். அதிலிருந்து தொன்னுக்கு எட்டுப் பவுண் கழிவு. சுரங்கம் இலாபம் ஈட்டினாலும் நட்டப்பட்டாலும் இக்கணக்கு மாறாது. செம்பின் நிறை தராசிலே தெரியும். விலை பத்திரிகையிலே தெரியும். மறைப்பதற்கு இடமேயில்லை. முதலாளி முதலாளியிடம் பணம் வாங்கும்போது, 'உமது இலாபத்தில் ஒரு பங்கு தாரும்' என்று கேட்பதில்லை. இலாபம் என்பது எப்படி எழுதப்படுகிறது என்பதை அவன் நன்கறிவான். அரசுகள் இப்பாடத்தைக் கற்க நெடுங்காலஞ் சென்றது. கற்ற சில அரசுகள் மறக்கவும் செய்தன.

இந்த ஏற்பாட்டில் மற்றொரு நுட்பமும் உண்டு. உரிமைப்பணத்தைப் பெற்ற கம்பனியிலே ஆங்கிலோ அமெரிக்கன் குழுவுக்குக் கணிசமான பங்கு இருந்தது. அதாவது இடக்கை இறுத்ததை வலக்கை ஓரளவு திரும்பப் பெற்றது. செம்பு விளைந்த நாட்டுக்கோ அவ்வுரிமைப்பணத்தில் ஒரு சதமும் இல்லை. 1949 இல் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னரே நூற்றுக்கு இருபது வீதம் வட ரொடீசிய அரசுக்குக் கிடைக்கலாயிற்று.

வருமான வரியின் கதி இதனினும் விசித்திரமானது. சுரங்கங்கள் ஆபிரிக்காவில் இருந்தன. கம்பனிகள் இலண்டனிற் பதிவாகியிருந்தன. எனவே அவற்றின் வருமானத்தின்மீது பிரித்தானியத் திறைசேரியும் கைவைத்தது. நிலத்தைக் கொடுத்த நாடு, இரு திறைசேரிகளில் எளியதாக நின்று எஞ்சியதைப் பெற்றது. கம்பனி எங்கே பதிவாகியிருக்கிறது என்பது ஏதோ எழுதுவினைஞரின் விடயம் போலத் தோன்றலாம். ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களுக்குக் கூரை இருக்குமா என்பதை அதுவே நிர்ணயித்தது.

வரியைத் தவிர்க்க வழியற்ற ஒரு கூட்டம் அந்நாட்டில் இருந்தது. தலைவரி இறுப்பதற்குக் காசு தேடியே ஆபிரிக்க உழவர்கள் சுரங்கத்துக்கு வந்தனர். காசில்லாதவனைக் காசுக்காக உழைக்கச் செய்வதே அவ்வரியின் உள்நோக்கங்களில் ஒன்று. 1935 மே மாதத்தில் செம்பு வலயத்துத் தொழிலாளரின் ஆண்டுத் தலைவரி பன்னிரண்டு சிலிங் ஆறு பென்சிலிருந்து பதினைந்து சிலிங்காக உயர்த்தப்பட்டது. முபுலிராவில் வேலைநிறுத்தம் வெடித்தது, என்கானாவுக்குப் பரவியது, லுவான்சியாவிலுள்ள றோன் அன்ரலோப் சுரங்கத்துக்கும் வந்தது. அங்கே பொலீசார் சுட்டதில் ஆறு தொழிலாளர் மாண்டனர். உயர்வு இரண்டரைச் சிலிங். கம்பனியின் வரிக்கு இலண்டனில் கணக்காளரும் வழக்கறிஞரும் இருந்தனர். தலைவரிக்கு ஒரே பரிகாரம் தெருவில் இறங்குவதாக இருந்தது.

1950களின் முற்பகுதியில் இரு குழுக்களும் தமது இருப்பிடத்தை இலண்டனிலிருந்து ரொடீசியாவுக்கு மாற்றிக்கொண்டன. பிரித்தானியாவின் போர்க்கால, போர்ப்பிற்கால வரிகள் உயர்ந்திருந்தன. ஆபிரிக்காவில் வரி குறைவு. வட ரொடீசியாவின் திறைசேரிக்கு இதனால் நன்மை விளைந்திருக்க வேண்டும். ஆனால் 1953 இல் வெள்ளைக் குடியேறிகளின் விருப்பப்படி ரொடீசியா, நியாசலாந்து சமஷ்டி உருவாக்கப்பட்டது. செம்பின் வருமானத்திற் பெரும்பகுதி தெற்கே சோல்ஸ்பரிக்குப் பாய்ந்தது. 1963 இல் அச்சமஷ்டி கலையும்வரை நிலைமை அதுவே.

1964 ஒற்றோபர் 24 இல் சாம்பியா சுதந்திரம் பெற்றது. அந்நாட்டில் அன்றிருந்த ஆபிரிக்கப் பட்டதாரிகள் ஏறக்குறைய நூறு பேர். நூறு பேர் என்றால், எமது நகரப் பாடசாலைகள் சிலவற்றின் ஆசிரியர் அறைகளை நிரப்பவே அது போதாது. முப்பது ஆண்டுகளாக உலகின் மின்கம்பிகளுக்குச் செம்பு கொடுத்த நாடு அது. சுதந்திரத்தின் வாயிலில் தென்னாபிரிக்கக் கம்பனி தன் கனிய உரிமையை விட்டுக்கொடுத்தது. அதற்கு அது பெற்ற ஈடு நான்கு மில்லியன் பவுண். பாதியைப் பிரித்தானியாவும் பாதியைச் சாம்பியாவும் கொடுத்தன. தன் நிலத்தடியைத் தானே விலைகொடுத்து வாங்கியது புதிய குடியரசு.

ஐந்தாண்டு கழித்து, 1969 ஓகஸ்ட் மாதத்தில், லுசாக்காவின் மதேரோ என்னுமிடத்தில் ஜனாதிபதி கென்னத் கவுண்டா ஆற்றிய உரை அக்காலத்து முற்போக்காளரின் உள்ளங்களைக் கவர்ந்தது. சுரங்கங்களில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பங்கை அரசு எடுத்துக்கொள்ளும் என்றார் அவர். 1970 சனவரி முதலாந் திகதி அது நடைமுறைக்கு வந்தது. பழைய உரிமைப்பணமும் ஏற்றுமதி வரியும் நீக்கப்பட்டு, இலாபத்தின்மீது 51 வீதக் கனிய வரியும், எஞ்சியதில் 45 வீத வருமான வரியும் விதிக்கப்பட்டன. கூட்டிப் பார்த்தால் இலாபத்தில் ஏறக்குறைய 73 வீதம். ஏடுகளிலே இதனை வாசிப்பவர், செம்பு இறுதியில் மக்களின் கைக்கு வந்துவிட்டது என்றே கொள்வர்.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளை வாசித்தவர்கள் அவ்வளவு மகிழ்ச்சி கொள்ளவில்லை. முகாமைப் பொறுப்பு முன்னைய கம்பனிகளிடமே விடப்பட்டது. அதற்குக் கட்டணமாக மொத்த விற்பனையில் முக்கால் வீதமும், வரிக்கு முந்திய இலாபத்தில் இரண்டு வீதமும் அவற்றுக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. செம்பை விற்கும் பொறுப்பும் அவற்றிடமே இருந்தது. முக்கிய தீர்மானங்களைத் தடுக்கும் உரிமை சிறுபான்மைப் பங்காளிக்கு அளிக்கப்பட்டது. ஐம்பத்தொரு பங்கு அரசிடம். விற்பனைக் கணக்கேடும் பொறியியலாளரும் நாற்பத்தொன்பது பங்குக்காரரிடம். இவற்றுள் எதனை உடைமை என்பது? சட்டத்தரணி முன்னதைச் சுட்டுவார். சுரங்கத்து அலுவலகத்தில் ஒரு நாள் இருந்தவர் பின்னதையே சுட்டுவார்.

அதே 1970 ஆம் ஆண்டில் நடந்த மற்றொன்று பாடநூல்களில் அரிதாகவே இடம்பெறும். ஆங்கிலோ அமெரிக்கன் குழுவின் சாம்பியப் பங்குகளை வைத்திருந்த கம்பனி, தன் பதிவை அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள பேர்மியூடாத் தீவுக்கு மாற்றிக்கொண்டது. அக்கம்பனி இலண்டனிற் பிறந்து, ரொடீசியாவுக்கு வந்து, நாட்டின் பெயர் மாறியபோது தன் பெயரையும் 'சாம்பியன் ஆங்கிலோ அமெரிக்கன்' என்று மாற்றிக்கொண்டது. பேர்மியூடாவிற் குடியேறி, 1974 இல் 'மினோர்கோ' என்னும் பெயரைப் பூண்டது. 1987 இல் லக்சம்பேர்க் சென்றது. 1999 இல் தாய்க் குழுவுடன் ஒன்றாகக் கலந்து மீண்டும் இலண்டனை அடைந்தது. நாட்டுடைமையாக்கத்துக்குக் கிடைத்த ஈட்டுப்பணமும் செம்பின் இலாபமும் அக்கம்பனியோடு பிரயாணஞ் செய்தன. உலகெங்கும் வேறு தொழில்களிலே முதலாயின. வரிவீதம் குறைந்த துறைமுகங்களைத் தேடிச் செல்லும் இக்கப்பலுக்கு மாலுமிகள் தேவையில்லை. ஒரு பெயர்ப்பலகையும் ஒரு சட்டத்தரணியும் போதும்.

1973 இல் சாம்பிய அரசு விழித்துக்கொண்டு முகாமை ஒப்பந்தங்களை முறித்தது. அடுத்த ஆண்டு செம்பைத் தானே விற்பதற்கு ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. உண்மையான நாட்டுடைமை அன்றே தொடங்கியது எனலாம். காலம் மட்டும் வாய்க்கவில்லை. 1974 ஏப்ரிலில் உச்சத்திலிருந்த செம்பு விலை அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்குங் கீழே வீழ்ந்தது. இலாபத்தின்மீது விதித்த வரி இலாபம் அற்றுப்போனதும் தானும் அற்றுப்போயிற்று. தராசையும் சந்தை விலையையும் நம்பிய பழைய உரிமைப்பணம் இருந்திருப்பின் சிறு தொகையாயினும் வந்திருக்கும். அதை நீக்குமாறு கம்பனிகள் நெடுங்காலம் வேண்டி வந்ததை இங்கு நினைவுகூரலாம்.

1982 இல் இரு சுரங்கக் குழுக்களும் ஒன்றாக்கப்பட்டு ஒரே அரச கம்பனி தோன்றியது. இதனைப் பற்றி எமது நண்பர்கள் சிலர் எழுதும்போது ஒரு பொற்காலத்தைக் காண்கின்றனர். மருத்துவமனையும் பாடசாலையும் வீடும் விளையாட்டுத் திடலும் தொழிலாளருக்கு அக்கம்பனி வழங்கியது உண்மை. வரியைத் தவிர்க்க அதற்குத் தூண்டுதலும் குறைவு. எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? ஆனால் அரசியல்வாதிகள் அதனைக் கறந்தனர், இயந்திரங்கள் புதுப்பிக்கப்படவில்லை, கடன் ஏறியது. 1969 இல் ஏழு இலட்சம் தொன்னைத் தாண்டிய உற்பத்தி 2000 ஆம் ஆண்டளவில் இரண்டரை இலட்சமாகச் சுருங்கியது. அரசின் உடைமை வரித் தவிர்ப்பை நிறுத்தியது. வரி இறுக்கும் வல்லமையைக் காக்கவில்லை. இதனை மறைப்பது நாம் வேண்டும் நியாயத்துக்கே ஊறு செய்வதாகும்.

1991 இல் ஆட்சி மாறியது. உலக வங்கியினதும் சர்வதேச நாணய நிதியத்தினதும் நிபந்தனைகளின்படி 1997 முதல் 2000 வரை அரச கம்பனி துண்டு துண்டாக விற்கப்பட்டது. ஆறு தொழிலாளர் மாண்ட லுவான்சியா ஓர் இந்தியக் குடும்பக் குழுவுக்குப் போனது. மூன்றாண்டுகளில் அக்கம்பனி முறிந்தது. என்கானாவும் முபுலிராவும் 'மொபானி' என்ற புதுப்பெயருடன் சுவிற்சர்லாந்தின் கிளென்கோர் நிறுவனத்துக்கும் கனடாவின் பஸ்ற் குவாண்டத்துக்கும் சென்றன. பழைய ஆங்கிலோ அமெரிக்கன் குழு கொங்கோலாச் சுரங்கத்தைப் பெற மீண்டும் வந்தது. 2002 இல் கைவிட்டுப் போனது. 2004 இல் வேதாந்தா நிறுவனம் அதில் 51 வீதத்தை 25 மில்லியன் டொலர் ரொக்கத்துக்கு எடுத்தது. அதன் தலைவர் அனில் அகர்வால் 2014 இல் பெங்களூரில் ஒரு கூட்டத்தில், அச்சுரங்கம் ஆண்டுதோறும் ஐந்நூறு மில்லியன் டொலருக்கு மேல் தருவதாகப் பெருமிதத்தோடு கூறிய உரை வெளியாகிச் சாம்பியாவில் கொதிப்பை ஏற்படுத்தியது. கேட்ட தொழிலாளர் தமது சம்பளச் சீட்டைப் பார்த்திருப்பர்.

புதிய உடைமையாளருக்கு அரசு எழுதிக்கொடுத்த அபிவிருத்தி உடன்படிக்கைகள் மறைவாக வைக்கப்பட்டிருந்தன. சட்டத்திலே 3 வீதமாக இருந்த உரிமைப்பணம் அவற்றில் 0.6 வீதம். கம்பனி வரி 25 வீதம். முதலீட்டுச் செலவு முழுவதையும் கழித்துக்கொள்ளலாம். நட்டத்தைப் பல்லாண்டுகள் முன்கொண்டு செல்லலாம். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு இவ்விதிகள் மாற்றப்படா என்ற உறுதியும் அளிக்கப்பட்டது. 2003 இல் தொன் 1,800 டொலரை ஒட்டி நின்ற செம்பு 2006 இல் சராசரி 6,700 டொலரைத் தாண்டியது. அரசின் பெட்டியில் அந்த ஏற்றம் ஒலிக்கவேயில்லை.

ஏன் ஒலிக்கவில்லை என்பதற்கு வரிவீதம் மட்டும் விடையாகாது. மொபானியின் உடைமைச் சங்கிலியை அவிழ்த்துப் பார்ப்போம். நூற்றுக்குப் பத்துப் பங்கு சாம்பிய அரசு சார்ந்த கம்பனியிடம். தொண்ணூறு பங்கு பிரித்தானிய வேர்ஜின் தீவுகளிற் பதிவான 'கார்லிசா' என்னும் கம்பனியிடம். கார்லிசாவின் பெரும்பங்கு பேர்மியூடாவிலுள்ள கிளென்கோர் கிளையிடம். அதன் தாய்க் கம்பனி சுவிற்சர்லாந்தின் சூக் மாகாணத்தில். மொபானியின் செம்பை வாங்கியதும் அதே கிளென்கோர் குடும்பத்தின் வணிகக் கம்பனியே. விற்பவனின் உடைமையாளனும் வாங்குபவனும் ஒருவனே ஆகிவிட்டால் விலை என்பது யாது?

சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். உற்பத்திச் செலவு 70; உலகச் சந்தை விலை 100. அந்நியனுக்கு விற்றால் இலாபம் 30. அதில் 25 வீத வரி ஏழரை. தன் தாய்க் கம்பனிக்கு 80 இற்கு விற்றால் இலாபம் 10, வரி இரண்டரை. மீதி 20 எங்கேயும் தொலைந்துவிடவில்லை. அது சுவிற்சர்லாந்தில், குறைந்த வரியுள்ள மாகாணத்தில், இலாபமாகத் தோன்றும். விலையைக் குறைக்க விரும்பாவிடின், தாய்க் கம்பனியிடம் கடன் வாங்கி வட்டி கட்டலாம். ஆலோசனைக் கட்டணம் இறுக்கலாம். எந்த நாளின் சந்தை விலை எடுத்துக்கொள்ளப்படும் என்பதை வசதிப்படி தீர்மானிக்கலாம். பத்துப் பங்கு வைத்திருந்த அரசுக்கோ இரட்டை இழப்பு. இலாபம் குறைந்தால் வரியும் குறையும், பங்கிலாபமும் குறையும். இயக்குநர் சபையில் ஆசனம் இருந்தது. சூக் மாகாணத்துப் பேரேட்டைப் பார்க்கும் கண் இருக்கவில்லை.

2008 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாம்பியாவின் ஏற்றுமதிப் பதிவுகளின்படி செம்பில் ஏறக்குறையப் பாதி சுவிற்சர்லாந்துக்குச் சென்றது. அவ்வளவு செம்பு அந்நாட்டை அடைந்ததை அதன் இறக்குமதிப் பதிவுகள் காட்டவில்லை. செம்பு கப்பலில் வேறு துறைமுகங்களுக்குப் போனது. கடதாசி மட்டும் அல்ப்ஸ் மலைக்குப் போனது. சமூகக்கல்விப் பாடத்தில் ஏற்றுமதி அட்டவணைகளை மனனம் செய்விக்கும் ஆசிரியர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய செய்தி இது.

சாம்பிய இறைவரி அதிகாரசபை வாளாவிருக்கவில்லை. நோர்வே நிறுவனமொன்றின் துணையுடன் நடைபெற்ற கணக்காய்வு 2011 இல் வெளியே கசிந்தது. செலவுகள் விளக்கமின்றி ஏறியிருந்தன என்றும், தன்னோடு தொடர்புடைய கம்பனிக்கு விற்ற விலை வெளியாருக்குரிய விலைக்கு ஒத்ததாயில்லை என்றும் அவ்வறிக்கை கூறியது. மொபானியும் கிளென்கோரும் அம்முடிவுகளை மறுத்தன. அதிகாரசபை வரி மதிப்பீட்டை விதித்தது. கம்பனி மேன்முறையீடு செய்தது. தன் விலைமுறைக்கு வாணிப நியாயங்கள் உண்டென வாதித்தது. 2020 மே மாதத்தில் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்தது: தாய்க் கம்பனிக்கு விற்ற விலை வெளியாருக்கு விற்ற விலையிலும் குறைந்தது, 2006 முதல் 2009 வரையான வரியாண்டுகளுக்கு 240 மில்லியன் குவாச்சா இறுக்கப்பட வேண்டும். ஆபிரிக்க நாடொன்றின் வரி அதிகாரிகள் தமது கணக்கறிவைக் கொண்டு ஓர் உலக நிறுவனத்தை நீதிமன்றத்தில் வென்ற அரிய நிகழ்வு அது. சில ஆண்டுக் கணக்குக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட போராட்டம் என்பதையும் சேர்த்தே இவ்வெற்றியை எடைபோட வேண்டும். அந்த ஆண்டுகளின் வரியை எதிர்பார்த்திருந்த குழந்தைகள் தீர்ப்பு வந்தபோது பாடசாலையை விட்டே போயிருந்தனர்.

இடையில் அரசு சும்மா இருந்ததாகக் கொள்ளலாகாது. 2008 இல் ஜனாதிபதி முவனவாசாவின் அரசு மறைவு உடன்படிக்கைகளை நீக்கி, உரிமைப்பணத்தை 3 வீதமாக்கி, விலை ஏறும்போது கூடுதலாக அறவிடும் வரியையும் விதித்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் விலை சரிந்தது, முவனவாசா காலமானார், அடுத்த அரசு 2009 இல் அவ்வரியை நீக்கியது. 2012 இல் உரிமைப்பணம் 6 வீதமாகியது. இலாபத்தை மலைகளுக்கப்பால் கொண்டுசெல்லலாம்; தொன்னை ஒளிப்பது கடினம் என்ற றோட்ஸ் காலத்து அறிவு மீண்டுவரத் தொடங்கியது என்று சொல்லத் தோன்றுகிறது.

சீன அரசின் உடைமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998 இல் சாம்பிசிச் சுரங்கத்தையும், தனியார் கைவிட்ட லுவான்சியாவை 2009 இலும் சீன அரச நிறுவனம் எடுத்தது. செம்பு விலை வீழ்ந்த 2008 இல் தனியார் கம்பனிகள் ஆட்களை நீக்கியபோது சாம்பிசி நீக்கவில்லை. நீண்டகாலக் கனிய வழங்கலே அதன் நோக்கம் என்பதைச் சிங் குவான் லீ என்னும் சமூகவியலாளர் தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். கூலியோ அங்கே குறைவு. அரச உடைமை என்ற ஒரே பெயரின்கீழ் இதனையும் 1982 இன் சாம்பிய அரச கம்பனியையும் ஒன்றாகச் சேர்க்கும் அட்டவணைகள் எமக்கு உடன்பாடல்ல. சீன அரசு சாம்பியாவின் அரசன்று.

தீர்ப்பு வெளிவந்து எட்டு மாதங்களில் கிளென்கோர் தன் பங்கை விற்பதாக அறிவித்தது. விலை ஒரு டொலர். வாங்கியது சாம்பிய அரசு சார்ந்த கம்பனி. ஒரு டொலருக்கு ஒரு சுரங்கமா என்று எமது மாணவர் சிலர் ஆச்சரியப்பட்டனர். அதனோடு 1.5 பில்லியன் டொலர் கடனும் வந்தது. கொடுக்க வேண்டியது கிளென்கோர் தரப்புக்கே. கடன் தீரும்வரை செம்பை வாங்கும் உரிமையும் கிளென்கோருக்கே என்று எழுதப்பட்டது. பங்கு முழுவதும் நாட்டுக்கு வந்தது. விற்பனை பழைய இடத்திலேயே நின்றது. 2024 இல் அபுதாபியைச் சேர்ந்த நிறுவனமொன்று மொபானியில் 51 வீதத்தை எடுத்துக்கொண்டது. 1970 இல் அரசுக்கு 51, அந்நியருக்கு 49. 2024 இல் அந்நியருக்கு 51, அரசுக்கு 49.

இவ்விலக்கங்களை நாம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். இலக்கங்களைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "அப்ப, விக்கிற கணக்குப் புத்தகம் இப்ப எங்கை சேர் இருக்கு?" என்றான்.